பேரு போடலியே, அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?

மீன் விற்கும் பெண்களிடம் நாங்கள் நடத்திய கணக்கெடுப்பைப் பற்றி இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஆராய்ச்சி மாணவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார், ஆனால் கேள்வி நேராக இருந்தது. "மேடம், உங்கள் கணக்கெடுப்பு பொதுப்பணத்தில் நடந்தது. கட்டுரை வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. தரவு மட்டும் பாதிதான் இணையத்தில் இருக்கிறது. மீதியைக் கேட்டால் படிவம் நிரப்பு, காரணம் எழுது, நேரில் வா என்கிறீர்கள். மக்கள் பணத்தில் சேர்த்ததை மக்களிடமிருந்தே பூட்டி வைப்பது சரியா?"

நான்கு வரியில் பதில் போட்டேன். போட்ட பிறகு மனசு ஆறவில்லை. அவர் கேட்டதில் பாதி நியாயம். மீதிப் பாதிக்கு என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் அது நான்கு வரியில் அடங்காது. அதனால் இந்தப் பதிவு.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். அலுவலகம் புதுச்சேரியில். காலையில் பஸ் ஏறினால் ஆல்பேட்டை, ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒரு மணி நேரம். ஒரு சிறிய ஆய்வுக் குழுவில் தரவுகளைப் பாதுகாப்பது என் பொறுப்பு. களத்துக்குப் போனவர்கள் கொண்டுவரும் படிவங்கள் என் மேஜையில்தான் வரிசைகளாகவும் எண்களாகவும் மாறுகின்றன. எந்த எண்ணை யார் பார்க்கலாம் என்ற கேள்வியும் என் மேஜைக்குத்தான் வருகிறது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் களப்பணியாளர். 2005இல் எனக்கு 23 வயது. சுனாமி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. கணக்கெடுக்க ஆள் தேவை என்றார்கள். புள்ளியியல் படித்திருந்தேன், தமிழில் பேசி எழுதத் தெரியும், சேர்ந்துவிட்டேன். தேவனாம்பட்டினத்துக்கும் சாமியார்பேட்டைக்கும் நடுவில் இருக்கும் கடற்கரை ஊர்களில் ஒன்றில் எனக்கு வேலை. ஊர் பெயரை இங்கே எழுதமாட்டேன். கீழே சொல்லப்போகும் அக்காவைப் பற்றியும் சில விவரங்களை விட்டுவிட்டேன். ஏன் என்பது படித்தால் புரியும்.

அந்த அக்காவுக்கு அப்போது முப்பது சொச்சம் வயது. கருவாடு வியாபாரம். கணவரையும் ஒரு பிள்ளையையும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பறிகொடுத்தவர். கேள்வித்தாளில் நிவாரணத் தொகை பற்றி ஒரு பகுதி இருந்தது: பணம் வந்ததா, எவ்வளவு செலவானது, மிச்சம் எங்கே, யார் பெயரில். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மாமியார் வீட்டுக்குத் தெரியாது பாப்பா. மிச்சமிருக்கிற புள்ளை பேர்ல ஒரு தொகைய போட்டு வச்சிருக்கேன். பேரு எழுதமாட்டீங்கள்ல?" என்றார். எழுதமாட்டோம் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். படிவத்தின் மேலேயே அச்சடித்திருந்தது, உங்கள் பெயர் எங்கும் வெளியிடப்படாது என்று.

பெயரை வெளியிடவில்லைதான். ஆறு மாதம் கழித்து, கணக்கெடுப்பை நடத்திய அமைப்பு ஒரு அறிக்கை போட்டது. பின்னிணைப்பில் வீடு வீடாக ஒரு பெரிய அட்டவணை. வெளிப்படையாக இருக்க வேண்டும், நிவாரணம் எங்கே போனது என்று எல்லாரும் பார்க்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள். ஊர், வயது, தொழில், இழந்தவர்கள் எண்ணிக்கை, தொகை, சேமிப்பு யார் பெயரில். பெயர் இருந்த இடத்தில் ஒரு வரிசை எண். அறிக்கையின் நகல் ஊருக்கும் வந்தது. மாமியார் வீட்டில் படித்த பையன் ஒருவன் இருந்தான். அந்த ஊரில் அந்த வயதில், கருவாடு விற்கிற, கணவரையும் ஒரு குழந்தையையும் இழந்த பெண் எத்தனை பேர் இருக்க முடியும்?

அக்கா எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். சத்தம் போடவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "நீ பேரு போடலியே, நானும் பாத்தேன். அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பணத்தைப் பாதுகாக்க அவர் பட்ட பாட்டை நான் இங்கே எழுதப்போவதில்லை, அது அவருடையது.

பதில் பல வருஷம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில் கிடைத்தது. 1990களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், தன் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர், முகவரி நீக்கி ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்தது. இதனால் யாருக்கும் ஆபத்தில்லை என்று ஆளுநர் வில்லியம் வெல்ட் உறுதி சொல்லியிருந்தார். அப்போது மாணவியாக இருந்த லடான்யா ஸ்வீனி 20 டாலர் கொடுத்து கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கினார். ஆளுநர் அந்த ஊர்க்காரர். பட்டியலில் அவருடைய பிறந்த தேதியே உள்ளவர்கள் ஆறு பேர். அதில் ஆண்கள் மூன்று பேர். அந்த மூன்று பேரில் அவருடைய அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் ஒரே ஒருவர். ஆளுநரின் மருத்துவப் பதிவு ஸ்வீனியின் கையில் வந்துவிட்டது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றே போதும், அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டிவிடலாம் என்று 2000இல் அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

வகுப்பில் எல்லாரும் வியந்தார்கள். எனக்கு அக்கா வாசலில் நின்றதுதான் நினைவுக்கு வந்தது. அங்கே 20 டாலர்கூடத் தேவைப்படவில்லை. முந்நூறு வீடு உள்ள ஊரில் வாக்காளர் பட்டியல் எல்லாருடைய மனசிலும் இருக்கிறது. பெயரை எடுத்துவிட்டால் ஆளை மறைத்துவிட்டோம் என்று நினைப்பது நகரத்தில் உட்கார்ந்து படிவம் தயாரிக்கிறவர்களின் நினைப்பு.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் பூட்டிவிடலாமா? அதற்கும் நான் எதிரிதான். மாணவர் கேட்டதில் பாதி நியாயம் என்றேனே, அது இதுதான்.

கடலூர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் ஊர்களில் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ராத்திரியில் ஒரு நாற்றம் அடிக்கும், கண் எரியும், காலையில் போய்ச் சொன்னால் "ஆதாரம் இருக்கா?" என்பார்கள். 2004 வாக்கில் அந்த ஊர்க்காரர்களே வாளியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பி, காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று எழுத்தில் வாங்கினார்கள். எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து என்ன வாடை என்று குறித்தும் வைத்தார்கள். அந்த அளவீடுகள் ஒரு அலுவலக அலமாரிக்குள் கிடந்திருந்தால் யாருக்கு என்ன பயன்? காற்றின் அளவு, கிணற்றுத் தண்ணீரின் உப்பு, கடல் அரித்த கரையின் நீளம், கெடிலத்திலும் தென்பெண்ணையிலும் வந்த வெள்ளத்தின் உயரம் ஆகிய எதுவும் தனி ஒருவருடைய இரகசியம் இல்லை. இவற்றைத் தருவதற்கு ஆறு மாதம் அலைய விடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. 2015இல் வெள்ளத்தில் மூழ்கிய ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன்.

ஆனால் அதே சிப்காட் விஷயத்தில் நாற்றத்தைக் குறித்தது யார் என்று பாருங்கள். அவருடைய அண்ணனோ மகனோ அதே தொழிற்சாலையில் ஒப்பந்த வேலையில் இருக்கலாம். காற்றின் அளவை ஊருக்கே அறிவிக்க வேண்டும், குறித்தவரின் பெயர் ஒருவருக்கும் போகக்கூடாது. ஒரே நோட்டுப் புத்தகம்தான், ஆனால் ஒரு பத்தியைத் திறக்க வேண்டும், பக்கத்துப் பத்தியை மூட வேண்டும். மாணவர் "தரவு" என்று ஒரே சொல்லில் கேட்டார். அது ஒரு பொருள் இல்லை என்பதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

இதை எனக்குத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வயதான மீனவர், ஒரு வரைபட வேலையின்போது. சிறு படகுக்காரர்கள் எங்கெங்கே வலை விடுகிறார்கள் என்று அவர்களோடு உட்கார்ந்து வரைபடம் தயாரித்தோம். அவர்களுடைய உரிமையை நிலைநாட்ட அது உதவும் என்பது எங்கள் நம்பிக்கை. ஜிபிஎஸ் பாயிண்ட்களோடு இணையத்தில் போட்டுவிடலாம் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். ஊர்ப் பஞ்சாயத்தார் கூடிய அன்று அந்தப் பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"பாப்பா, கரைக்கு வந்தா மீன் வெலைய ஏலத்துல கத்திச் சொல்றோம். ஊரே கேக்கலாம், வெளியூர் யாவாரியும் கேக்கலாம். காத்து மாறுது, நீவாடு இழுக்குதுன்னா எதிர்ல வர்ற படகு எந்த ஊர்ப் படகா இருந்தாலும் சொல்லிட்டுத்தான் வருவோம். சொல்லாம வந்தா பாவம். ஆனா பாடு எங்க கெடச்சுதுன்னு பங்காளிக்குத்தான் சொல்வோம். கடலுக்குள்ள பாறை இருக்கிற எடம் இருக்கே, அத எங்கப்பா சாகறதுக்கு முன்னாடி எனக்கு மட்டும் சொன்னாரு."

நீவாடு என்றால் கடல் நீரோட்டம், பாடு என்றால் பிடிபடும் மீன். நான் பயிற்சி வகுப்பில் மூன்று நாள் படித்ததை அவர் மூன்று நிமிஷத்தில் சொல்லிவிட்டார். அவருடைய அப்பா கரையில் தெரியும் அடையாளங்களை வைத்துச் சொன்ன இடம் இப்போது அவருடைய மகனின் கருவியில் ஒரு எண்ணாக இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், எண்ணை ஒரு நொடியில் நகல் எடுத்துவிடலாம்.

அந்தச் சமயத்தில் சுருக்குமடி வலைச் சண்டை வேறு சூடாக இருந்தது. மீன் கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் பெரிய வலை, தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. வேண்டும் என்கிற ஊர்களும் வேண்டாம் என்கிற ஊர்களும் இதே கரையில் அடுத்தடுத்து இருக்கின்றன. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்று இடைக்கால அனுமதி தந்தது. இப்படிப்பட்ட கரையில், சிறு படகுகளுக்கு மீன் கிடைக்கும் இடங்களைப் புள்ளி வைத்துக் காட்டும் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் எண்ணிப் பார்க்கிறேன். கடைசியில் பெரிய கட்டங்களாக, இந்தக் கட்டத்தில் எத்தனை ஊர்கள் வலை விடுகின்றன என்று மட்டும் காட்டும் வரைபடத்தைப் பொதுவில் வைத்தோம். புள்ளிகள் பஞ்சாயத்தாரின் அனுமதி இல்லாமல் யாருக்கும் இல்லை.

இது நாங்கள் கண்டுபிடித்த புதுமை இல்லை. 2012இல் இந்திய அரசு வெளியிட்ட தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையே மூன்று வகை சொல்கிறது: எல்லாருக்கும் திறந்தது, பதிவு செய்து பெறுவது, அனுமதி பெற்றுப் பெறுவது. பிரிட்டனின் தரவுக் காப்பகமும் கிட்டத்தட்ட இதே மூன்று படிகளைத்தான் வைத்திருக்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் தரவைப் பயன்படுத்திய மாணவர்களுக்கு இரண்டாவது படி பழக்கமாக இருக்கும். பெயர் பதிந்து, என்ன ஆய்வு என்று ஒரு பத்தி எழுதினால்தான் கோப்பு கிடைக்கும். அதில் ஊரின் இருப்பிடத்தைக்கூட வேண்டுமென்றே நகர்த்தி வைத்திருப்பார்கள். நகரமானால் 2 கிலோமீட்டர் வரை, கிராமமானால் 5 கிலோமீட்டர் வரை, நூற்றில் ஒரு கிராமத்தை 10 கிலோமீட்டர் வரைகூட. மாவட்டத்தின் போக்கைப் பார்க்க அந்தப் பிழை பெரிதில்லை, ஒரு வீட்டைத் தேடிப்போக நினைப்பவருக்கு அது பெரிய தடை.

எங்கள் கணக்கெடுப்புக்கு வருகிறேன். 9 கடற்கரை ஊர்கள், ஆயிரத்துச் சொச்சம் வீடுகள், மீன் விற்கும் பெண்களின் வருமானம், கடன், உடல்நலம். கேள்வித்தாள், ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன பொருள் என்ற விளக்கக் கோப்பு, ஒன்றியம் அளவிலான அட்டவணைகள் எல்லாம் இணையத்தில் இருக்கின்றன, யாரிடமும் கேட்க வேண்டாம். மாணவர் "பாதிதான் இருக்கிறது" என்றது இதை. வீடு வாரியான கோப்பு அடுத்த படி. அதில் வயது ஐந்தைந்து வருஷமாக, ஊர்கள் மூன்று தொகுப்புகளாக, அரிய தொழில்கள் "மற்றவை" என்று. யார், எதற்கு என்று எழுதி, யாரையும் அடையாளம் காண முயலமாட்டேன், வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் அனுப்புவோம். ஊர் பெயரும் நோய் விவரமும் சேர்ந்த முழுக் கோப்பும், பேட்டிகளின் எழுத்து வடிவமும் எங்கள் அலுவலகத்தில் இணையத் தொடர்பு இல்லாத ஒரு கணினியில் மட்டும். வந்து உட்கார்ந்து வேலை செய்யலாம். பென்டிரைவ் போட முடியாது. எடுத்துப்போகும் முடிவுகளை நான் ஒரு தடவை பார்ப்பேன். அட்டவணையில் 10 பேருக்குக் குறைவாக எண்ணிக்கை உள்ள கட்டம் வெளியே போகாது.

பெயர்ப் பட்டியலும் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் தாள்களும் இந்தப் படிகளிலேயே சேராதவை. அவை தனிப் பூட்டில் இருக்கின்றன.

விண்ணப்பம் வந்தால் எங்கள் மூன்று பேர் குழு கேட்பது சிக்கலான கேள்விகள் இல்லை. என்ன வேலைக்கு, செய்பவர் யார், கேட்கும் கோப்பில் தேவைக்கு மேல் ஏதும் இருக்கிறதா, எங்கே வைத்துப் பார்ப்பார், கடைசியில் வெளியே வருவது என்ன. இந்த ஐந்தையும் பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தில் இருபது வருஷத்துக்கு முன்பே வகுத்துவிட்டார்கள். எனக்கு இதில் பிடித்தது, ஒன்று தளர்ந்தால் இன்னொன்றை இறுக்கலாம் என்பது. முழு விவரமும் வேண்டுமா, சரி, இங்கே வந்து பார். வீட்டிலிருந்தே பார்க்க வேண்டுமா, சரி, விவரம் குறைந்த கோப்பை எடுத்துக்கொள். இல்லை என்று மொட்டையாகச் சொல்ல வேண்டிய நிலை மிக அபூர்வமாகத்தான் வருகிறது.

குறை இல்லாமல் இல்லை. பதினைந்து நாளில் பதில் சொல்வோம் என்று எழுதி வைத்திருக்கிறோம், மாணவருக்கு நாற்பது நாள் ஆக்கிவிட்டோம். குழுவில் ஒருவர் வெளியூர் போயிருந்தார். கதவுக்குப் பூட்டுப் போட்டால் சாவியோடு ஒருவர் எப்போதும் அங்கே இருக்க வேண்டும், அந்தப் பொறுப்பில் நாங்கள் தவறினோம். பெரிய இடத்திலும் இது நடக்கிறது. 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நின்று, பல நாடுகளின் குடும்பநலக் கணக்கெடுப்புத் தரவுகளைத் தந்துகொண்டிருந்த திட்டம் முடங்கியபோது, புதிதாகப் பதிவு செய்ய வழியில்லாமல் ஆராய்ச்சியாளர்கள் தவித்தார்கள்.

இன்னொரு தவறு எங்களுடைய பழைய ஒப்புதல் தாளில் இருந்தது. 2013இல் நடத்திய கணக்கெடுப்பில், "இத்தகவல்கள் ஆய்வுக் குழுவினர் தவிர வேறு எவருக்கும் தரப்படமாட்டா" என்று அச்சடித்திருந்தோம். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நினைத்து எழுதிய வரி அது. அந்த ஒரு வரியால் மொத்தத் தரவும் இன்றுவரை யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. வாக்கு கொடுத்தாயிற்று. மறுபடி போய்க் கேட்கலாம் என்றால் பாதிப் பேர் வேறு குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள்.

2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் நிபந்தனைகளோடு விலக்கு தருகிறது. அதை வைத்துக்கொண்டு "சட்டப்படி கேட்க வேண்டிய அவசியமே இல்லை" என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசினார். நான் எழுந்து, அக்கா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததைச் சொன்னேன். அதற்கு மேல் வாதம் செய்ய எனக்குத் தெரியவில்லை.

இப்போது மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறோம், தனித்தனியாக டிக் போடுகிறோம். "உங்க பதிலை மத்தவங்க பதிலோட கூட்டி, மொத்தமா வெளியிடலாமா? உங்க வீட்டு விவரத்தைப் பேரும் ஊரும் இல்லாம, எழுதிக் கேக்கிற ஆராய்ச்சிக்காரங்களுக்குக் கொடுக்கலாமா? ஊர் பேரோட, எங்க ஆபீஸ்ல வந்து பாக்குறவங்களுக்குக் காட்டலாமா?" முதல் இரண்டுக்கும் சரி சொல்லி மூன்றாவதுக்கு வேண்டாம் என்பவர்கள் நிறைய. ஒரு இடத்தில் பஞ்சாயத்தார் "ஊர் சார்பா நாங்க ஒத்துக்கிட்டோம், எல்லா வீட்டுக்கும் அதுதான்" என்றார்கள். கடல் வரைபடத்துக்கு அது சரி, அந்த அறிவு ஊருக்குச் சொந்தம். ஒரு பெண் யாரிடம் எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறாள் என்பதற்கு ஊர் எப்படி ஒப்புதல் தர முடியும்? வீடு வீடாகப் போய், ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து, அவர்களிடமே கேட்டோம். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகில் போகும் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள் என்பதால் ஏப்ரல் 15க்கு முன்னால் முடிக்க ஓடியது ஒரு தனிக் கதை.

மாணவர் போன வாரம் வந்தார். அந்தக் கணினியில் மூன்று நாள் உட்கார்ந்தார். இரண்டாம் நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, "மேடம், இந்த ஒரு ஊர்ல மட்டும் இவ்வளவு பேருக்கு எட்டு வட்டியா?" என்றார். நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் வட்டி என்ற கேள்வி. மூன்று, ஐந்து, பத்து என்றுதான் பொதுவாக வரும். பழைய படிவங்களை எடுத்துப் பார்த்தேன். "தெரியாது" என்பதற்கு எங்கள் குறியீடு 8. மற்ற ஊர்களில் அதைத் தனியாக ஒதுக்கியிருந்தோம், அந்த ஊரில் மட்டும் உள்ளிட்டவர் எட்டு ரூபாய் வட்டி என்றே ஏற்றிவிட்டார். இரண்டு வருஷமாக எங்கள் கண்ணில் படாதது. பொதுவில் இருந்த அட்டவணையை அன்று மாலையே திருத்தினோம். ஊர் பெயர் இல்லாத கோப்பில் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. நாங்கள் பூட்டியே வைத்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. கிளம்பும்போது அவரிடம் நன்றி சொன்னேன், நாற்பது நாளுக்கு மன்னிப்பும் கேட்டேன்.

முடிவுகளை ஊர்க்காரர்களுக்கே சொல்லவில்லை என்பது ரொம்ப நாளாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது. இணையத்தில் திறந்து வைத்திருக்கிறோம் என்கிறோம், அவர்கள் அங்கே எங்கே வரப்போகிறார்கள்? அதனால் ஊருக்கு ஒரு தாள், பெரிய எழுத்தில், தமிழில். வலை பின்னும் கூடத்தில் ஒட்டலாம் என்று பேச்சு. நேற்று முன்தினம் முதல் தாளை எடுத்துக்கொண்டு போனேன். இது தடைக்காலம், பல படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன, கூடம் நிறைய ஆட்கள்.

ஒட்டுவதற்கு முன்னால் கணக்கெடுப்பில் பதில் சொன்ன ஒரு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். வரி வரியாகக் கேட்டார். ஒரு வரியில் கையை வைத்து நிறுத்தினார். "தனியாக வாழும் பெண்கள் 12 பேர். கடன் உள்ளவர்கள் 12 பேர்."

"இத எடுத்துடும்மா."

"பேரு எதுவும் இல்லம்மா, பத்துப் பேருக்கு மேல இருந்தா போடலாம்னு வச்சிருக்கோம்" என்றேன்.

"பன்னெண்டு பேருக்கும் கடன்னு போட்டுட்டியே. தனியா இருக்கிறவ யாரு யாருன்னு ஊருக்குத் தெரியாதா? ஒவ்வொருத்தியும் கடன்காரின்னு நீயே எழுதி ஒட்டுற மாதிரில்ல இருக்கு."

பத்து என்ற விதியை நான் எத்தனை கூட்டத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எண்ணிக்கை பெரிதாக இருந்தாலும் எல்லாருடைய பதிலும் ஒன்றாகவே இருந்தால் மறைவு இல்லை என்பதைப் பாடத்தில் படித்தும் இருக்கிறேன். பார்க்கத் தவறிவிட்டேன்.

தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பக்கத்து இரண்டு ஊர்களோடு சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தேன், அந்த வரி இப்போது யாரையும் காட்டவில்லை. மீதி எட்டு ஊர்த் தாள்களையும் இதே கண்ணோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன், இரண்டில் இதே சிக்கல் இருந்தது. சனிக்கிழமை மறுபடி போகிறேன். அந்த அம்மா படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் ஒட்டப்போகிறேன்.